வெட்டும் புள்ளி

இந்தூரில் எங்களுக்கு ஐந்து இரவு ஒளி கிடைத்தது.
மிச்ச வேலை அருமனையில்,
கீழ்வீட்டு முன்னறையில்,
மழைக்காலக் கரண்டு வந்து வந்து போவதற்கு நடுவே.

திரையில் இரண்டு கூம்பு.
மேலடுக்கு கிராஃபீனுக்கு ஒன்று, பளிச்சென்று.
கீழடுக்குக்கு ஒன்று, அழித்த பென்சில்கோடுபோல.
கீழிருந்து கிளம்பும் எலக்ட்ரான்
மேல்தளத்தைக் கடந்துதானே வெளியே வர வேண்டும்,
பாதி அங்கேயே தங்கிவிடும்.

புற ஊதா ஒளி தட்டும்.
தட்டியதும் ஓடி வருவதைப் பிடித்து
இரண்டே கேள்வி கேட்போம்:
எந்தக் கோணத்தில் புறப்பட்டாய், எவ்வளவு வேகம்?
வீட்டுக்குள் என்ன நடந்தது என்று
அதை வைத்து நாங்களே கணக்குப் போட்டுக்கொள்வோம்.

நடுவே மூன்றரை ஆங்ஸ்ட்ராம்.
பசை கிடையாது, ஆணி கிடையாது.
பன்னிரண்டு டிகிரி திருகி வைத்தது.
ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் மட்டும் தொட்டதாகாது.
இரண்டு கொசுவலையைச் சேர்த்துத் தொங்கவிட்டாலும்
அலையலையாய்க் கோலம் எழும்.
அது பார்க்கிறவனுக்கு. வலைக்கு ஒன்றும் தெரியாது.

எங்களுக்குச் சாட்சி வேறு.
கூம்பும் கூம்பும் வெட்டும் புள்ளிக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.
சம்பந்தமில்லாத கோடுகள்
நேரே ஊடுருவிப் போய்விடும், சந்தைக்குள் ஆள் போவதுபோல.
சம்பந்தம் இருந்தால்தான்
கிட்ட வந்து, தயங்கி, வளைந்து
விலகும்.
நடுவில் விழும் இடைவெளி எவ்வளவு அகலமோ
அவ்வளவு பிணைப்பு.

மூன்றரைக்கு மேல்மாடியில் கட்டில் கிரீச்சிடும்.
கிளாட்சன் அண்ணன் பால்வெட்டுக்குக் கிளம்புகிறான்.
நூற்றுப் பதினாறு மரம்.
எல்லையோரத்து ஆறு மரத்தில் தீராமல்
பத்திரம் மார்த்தாண்டத்து வக்கீல் மேசையில் கிடக்கிறது.
பதினாலு மாசமாய்ப் பேச்சில்லை.
ஒட்டுப்பால் விற்ற காசில் என் பங்கை
மைனி பையனிடம் கொடுத்தனுப்புவாள்,
சில்லறை பிசகாமல்.

மோட்டார் இழுக்க வோல்டேஜ் வருவதும் அந்நேரம்தான்.
நான் படியடிக்கு வந்தால்
ஏழாவது படியில் நெற்றிவிளக்கு நின்றுவிடும்.
உள்ளே போய்க் கதவைச் சாத்தும்வரை
அசையாது.
தேங்காய் வெட்ட வரும் ததேயுஸ்
எங்கள் ரெண்டு பேரையும் இடித்துக்கொண்டே போவார்,
மொட்டைமாடிக்கு,
விலகுங்கள் என்றுகூடச் சொல்லாமல்.

முப்பது மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே
எங்கள் கருவிக்குக் கண் தெரியாது.
புள்ளியில் நான் பார்ப்பது அறுபதா, வெறும் இரைச்சலா?
போனில் ஷைனி ரெக்ஸலின்:
"இன்னும் குளிரவெச்சு ஒருக்கா எடுக்கணும்,
இப்பமே எழுதிராத, கேட்டியா."
எழுதவில்லை.

இன்று மூன்று நாற்பது.
மழை விட்டிருந்தது.
மோட்டாரைப் போட்டுவிட்டு உள்ளே போகாமல் நின்றேன்.
மேலே விளக்கும் நின்றது.
ஏழு படி. பிழை வரம்பு தெரியாது.
தொட்டி நிறைந்து
சன்ஷேடில் தண்ணீர் கொட்டத் தொடங்கிய பிறகும்
சுவிட்சை நோக்கி
யாரும் கை நீட்டவில்லை.