தண்டின் அளவு

இரவு பதினோரு மணிக்கு நின்றது
மூன்றாம் நம்பர் கடல்நீர்ப் பம்பு.
சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம்,
தண்டு இரண்டு.
இப்போது என் மேசையில், போன வாரச் செய்தித்தாள் மேல்,
கிரீஸ் கசியப் படுத்திருக்கிறது.
கீழே இரண்டாம் நம்பர் தனியாக மூச்சிரைக்கிறது.

எஸ்பியர்கில் ஒரு பட்டறை, கிடினியாவில் ஒன்று.
விலை கேட்டு எழுத வேண்டும்.
"இதுபோல ஒன்று, என்ன விலை?" என்று
போன வருஷம் ஒரு கடிதம் போட்டேன்.
கிடினியாவிலிருந்து ஒன்பது கேள்விகள் வந்தன.
விலை வரவில்லை.

வெளியே பிப்ரவரி.
கிளாக்ஸ்விக்கில் பனி மேலிருந்து விழாது,
பக்கவாட்டில்தான் வரும்.
வெர்னியரின் தாடையைத் துடைத்துக்கொண்டு அளக்கிறேன்.
சீல் உரசும் இடத்தில்
இருபத்தொன்பது புள்ளி எட்டு ஒன்று.
ஒரு விரல் தள்ளி, புள்ளி ஏழு நான்கு.
இன்னும் தள்ளினால் முப்பதுக்குச் சற்றே கீழே.
ஒரே தண்டு, மூன்று சாட்சியம்.

எதை எழுத?
பதினான்கு வருஷம் சுழன்று
சீல் தின்றதுபோக மிஞ்சியிருப்பதையா,
பெட்டி பிரித்த நாளில் இருந்ததையா?
தேய்ந்ததை அளந்து அனுப்பினால்
தேய்ந்ததையே செய்து தருவார்கள்,
பளபளவென்று, துல்லியமாக.

பேரிங் உட்காரும் இடம் மட்டும்
பேச்சு மாறவில்லை. முப்பது.
அங்கிருந்து தொடங்கி வரைகிறேன்.
காந்தம் ஒட்டவில்லை. அது போதாது,
ஒட்டாத எஃகு பல சாதி.
பம்பின் பெயர்த்தகட்டில் உப்பைச் சுரண்டி
முந்நூற்றுப் பதினாறு என்று படித்தபோது
மணி இரண்டு.

பயத்தில் எல்லா அளவுக்கும்
நூறில் ஒரு மில்லிமீட்டர் என்று போட்டிருந்தேன்.
இரவு ஷிப்ட் தூரி, கையுறையைக் கழற்றாமலே
பென்சிலை எடுத்தாள்.
"இந்த முகம் எதைத் தொடுது?"
எதையும் இல்லை. காற்றை.
"காத்துக்கு எதுக்கு மைக்ரான்?"
அடித்தாள்.
"இது?" மூடியை, எப்போதாவது.
அடித்தாள்.
"இது?" பேரிங்கை.
பென்சில் நின்றது.
"இங்க காசு குடு.
ரெண்டு மைக்ரான் கூடலாம், பதினைஞ்சு வரைக்கும்.
முப்பதுக்குக் கீழ போகக்கூடாதுன்னு எழுது."

பிறகு அவள்தான் பார்த்தாள்,
சாவிப்பள்ளத்துக்கு எதிரே ஒரு சின்னக் குழிவு.
இயந்திரம் போட்டதல்ல, அரம் போட்டது.
பழைய வரைபடத்தில் இல்லை.
பார்தூரின் வேலையாக இருக்கும் என்றாள்.
பார்தூர் இப்போது ஏதோ கப்பலில் எஞ்சினியர்.
படம் எடுத்து அனுப்பினோம்.
இருபது நிமிஷம் கழித்துப் பதில் வந்தது:
"நான்தான் ராவினேன். எதற்கென்று ஞாபகம் இல்லை."

தூரி சிரித்த சிரிப்பில்
பிளாஸ்க் மூடி உருண்டு போனது.

கடைசியில் இப்படி எழுதினேன்:
சாவிப்பள்ளத்துக்கு எதிர்ப்புறம் கையால் ராவிய குழிவு உண்டு,
காரணம் தெரியவில்லை, வரைபடத்தில் சேர்க்கவில்லை,
புகைப்படம் இணைத்திருக்கிறோம்.
எழுதியபின் வயிறு கொஞ்சம் லேசானது.

எத்தனை?
ஒன்று என்றால் விலை கூரையில் ஏறும்.
ஒன்றுக்கு, மூன்றுக்கு, ஐந்துக்கு
தனித்தனியாகச் சொல்லுங்கள் என்றேன்.
"அவசரம்" என்று தட்டினேன்.
அழித்தேன். அவசரம் ஒரு தேதி அல்ல.
மார்ச் மூன்று, கிளாக்ஸ்விக் துறையில், எங்கள் கையில்.
வரைபடத்தின் மூலையில்
திருத்தம் ஆ என்று போட்டேன்.
திருத்தம் அ-வைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

ஏழு மணிக்கு, சால்மன் படகு விளக்கணைத்து வரும்போது,
கிடினியா எழுதியிருந்தது.
விலை மூன்று வரிசையில். நாள் சரி.
கீழே ஒரே ஒரு கேள்வி:
பம்பின் உடலுக்குள் அந்தக் குழிவுக்கு நேராக
என்ன இருக்கிறது?

நான் வாய் திறக்குமுன்
தூரி டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
எரியவில்லை.
இன்னொரு தட்டு.