ஏழு படி கோதுமை

வூப்பர்டாலில் ஒரு மருத்துவமனை.
நிலவறையில் சலவைக்கூடம்.
முந்நூறு கட்டில்களின் விரிப்புகளுக்கு
இரவில் நாங்கள் மூன்று பேர்.

அனெஸ்திஸ் கிரேக்கன்.
சட்டையில் தைத்த பெயர் தெமிர்சோக்லு,
துருக்கியில் கொல்லன் மகன்.
பெய்ஹான் துருக்கிக்காரி.
அவள் சட்டையில் கிரித்லி,
கிரீட் தீவிலிருந்து வந்தவள் என்று பொருள்.
பட்டி மாறித் தைத்ததுபோல் இருவரும்
பதினோரு வருஷமாய்ச் சண்டை.
கால்பந்துக்கு, ஒரு தீவுக்கு,
தயிருக்கு யார் முதலில் உப்பிட்டது என்பதற்கு.
நான் உலர்த்தியைப் போட்டுவிடுவேன்,
அந்த இரைச்சலில் இரண்டு நாடும் அமுங்கிப்போகும்.

பெப்ரவரியில் அவன் தகப்பன் செத்தார்.
வீட்டை ஒழித்தபோது
மரியாள் படத்தின் பின்பலகைக்குள்
நாலாய் மடித்த தாள்.
கொண்டுவந்து காட்டினான்.
எழுத்தெல்லாம் கிரேக்கம், ஒவ்வொன்றும் தெரிகிறது,
ஒரு சொல்லும் விளங்கவில்லை என்றான்.
வாய்விட்டு வாசியேன் என்றேன், சும்மாதான்.

வாசித்தான்,
முதலாம் வகுப்புப் பிள்ளைபோல் எழுத்துக்கூட்டி.
மூன்றாம் வரியில்
பெய்ஹானின் கையில் தலையணை உறை நின்றது.
"திரும்பச் சொல்."
சொன்னான.
"பழசு. ஆனால் இது எங்கள் பாஷை."

அவனிடம் ஒலி இருந்தது. அவளிடம் பொருள்.
அவள் ஓர் எழுத்தும் அறியாள்.
நடுவில் நின்று நான்
சலவைக் கணக்குத் தாளின் பின்புறம்
ஜெர்மனில் குறித்துக்கொண்டேன்:

ஹாஃபிஸிடம் ஏழு படி கோதுமை வாங்கியிருக்கிறேன்.
மேற்கு மூலையில் ஓடு மாற்றவேண்டும், பனிக்கு முன்.
சாவியையும் அவனிடம்தான் கொடுத்தேன்.
பட்டியலில் நம்மைக் கிரேக்கர் என்று எழுதிவிட்டார்கள்.
திரும்பி வந்ததும் கோதுமையைக் கொடுக்கவேண்டும்.

உலர்த்திக்குள் எவருடையதோ ஒரு பித்தான்
உருண்டுகொண்டிருந்தது.
"அப்போ நீ எங்களுக்கு ஏழு படி பாக்கி" என்றாள்.
"எங்களுக்கா?
உன் ஆட்கள் அன்றைக்குக் கிரீட்டில்
கிரேக்க மொழியில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள்!"
"அதனாலென்ன. எடு."
சிரித்தான். பாதியில் அது வேறொன்றாகி
வெளுத்த விரிப்பில் முகம் துடைத்தான்.
அதை மறுபடி மெஷினில் போட்டேன்.

உங்கள் தீவில் எப்படி என்று கேட்டாள்.
தரையில் இருந்த வாளியைப் பார்த்தேன்.
எண்பத்து மூன்றில் பேருந்தை மறித்தவன்
சித்தப்பாவிடம் இதைக் காட்டித்தான் பெயர் கேட்டான்.
அவர்கள் நாக்கில் அது பால்திய.
சித்தப்பா வால்திய என்றார்.
ஓர் எழுத்து.
அந்தச் சொல்கூட அவர்களுடையதில்லை,
எந்தப் பறங்கியோ கப்பலில் கொண்டுவந்து
விட்டுப்போனது.

இதையெல்லாம் சொல்லவில்லை.
"அங்கே இரண்டு பாஷையிலும்
அக்காவுக்குப் பெயர் அக்காதான்" என்றேன்.
பெய்ஹான் தலையாட்டினாள்,
மீதியையும் கேட்டவள்போல்.

ஐந்து மணிக்குப் பெரிய விரிப்புகள்.
அவற்றை ஒற்றை ஆளால் மடிக்க முடியாது.
நாலு மூலை பிடித்து, உதறி,
எதிரெதிரே நடந்து வந்து விரல் முட்டினார்கள்.
"உன் பக்கம் கோணல்."
"உன் பக்கம்."

திங்கட்கிழமை அனெஸ்திஸ்
ஒரு கிலோ கோதுமை மா வாங்கிவந்தான்,
மலிவுக்கடை விலைச்சீட்டோடு.
மீதி தவணையில் என்றான்.
ரசீது எழுதவா என்றாள் அவள்.
எந்த எழுத்தில் என்றான் அவன்.

பிறகு, ஒரு படிக்கு எத்தனை கிலோ என்று
தொடங்கினார்கள்.
நான் உலர்த்தியைப் போடவில்லை.