ஒரே மீட்டர்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
சரக்கு வண்டி. எண்ணினேன்,
ஐம்பத்தெட்டுப் பெட்டி, எல்லாம் துறைமுகத்துக்கு.
"வளர்ச்சி போவுது, ஒதுங்கி நில்லு" என்கிறான்
பக்கத்தில் சைக்கிளோடு மஸ்தான்.

கடை திறப்பதற்குள் சேதி வந்துவிட்டது.
சம்பூர்ணம் போனை நீட்டுகிறாள்.
"அண்ணே, ஆயிரம் ஏறிச்சா பாரு."
ஏறியிருந்தது.
ஏ.டி.எம். போய் வந்ததும்
நானூற்று எழுபது பழைய பாக்கியை அடித்தேன்.
மீதியில் பையனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ்,
ஒரு கூறு காரப்பொடி, கூடைக்கார ஜெபமாலையிடம்.
ஜெபமாலை அதில் மஸ்தானிடம் ஸ்டவ் பழுது பார்த்தாள்.
மஸ்தான் இருட்டியதும் டீத்தூள் வாங்க வந்தான்.
மூலையில் நீல மை கொட்டிய அதே நூறு ரூபாய்
சந்தைச் சுற்றிவிட்டு என் கல்லாவில் விழுந்தது.

ஓசியில் கொடுத்தால் ஊர் கெடும் என்று
போன வருஷம் வரை தராசை ஆட்டியபடி பேசியவன் நான்.
இப்போது மாதம் ஒரு பருப்பு மூட்டை
கூடுதலாக இறக்குகிறேன்.
இறக்குகிற பையனுக்கு இன்னொரு நடைக்கூலி.
இதற்கு ஏதோ பெயர் இருக்கிறதாம்,
காலேஜ் படிக்கும் மகள் சொன்னாள்.
மறந்துவிட்டேன்.

இதுவரை நல்லவன் கதை.

சந்தின் கோடியில் அப்பா விட்டுப்போன ஐந்து வீடு.
ஐந்துக்கும் ஒரே மீட்டர்.
தனித்தனியாக வைத்தால் செலவு.
நாலாம் வீட்டுத் தெய்வயானை மனுப் போட்டாள்.
யூனிட் அதிகம், தகுதியில்லை.
ஒரு டியூப்லைட், முனகுகிற ஒரு ஃபேன்;
ஐந்து வீட்டு வெளிச்சத்தையும்
அவள் பேரில் எழுதியிருந்தார்கள்.
மற்ற நாலு பேருக்கும் அதே பதில்.

அந்த மாதம்தான் வாடகையில் நூறு ஏற்றினேன்.
எல்லோரும் ஏற்றினார்கள்.
பெண்கள் கையில் காசு புழங்குகிறதே என்றார்கள்.
வந்த கைக்கும் வராத கைக்கும்
ஒரே நூறு.

தெய்வயானை சண்டை போடவில்லை.
பத்தும் இருபதுமாக எண்ணி வைத்தாள்.
"தனி மீட்டர் ஒண்ணு வெச்சுக் குடேண்ணே."
பார்க்கலாம் என்றேன்.

நேற்று மின்வாரிய ஆபீசில் விசாரித்தேன்.
தொகை சொன்னார்கள்.
பாக்கி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
ஐந்து வீடு, தலைக்கு நூறு, பதினான்கு மாதம்.
ஏழாயிரம்.
அவளுக்கு ஒரு மீட்டர் வைத்தாலும்
மிச்சம் வரும்.

பக்கத்தைக் கிழிக்கவில்லை.
மடித்திருக்கிறேன்.
கேட்டில் மணி அடிக்கிறது, மறுபடியும் சரக்கு வண்டி.
இந்த முறை எண்ணவில்லை.