பிரேக் தூள்

ஞாயிறு இரவு பாய்க்கு ஓய்வு. வண்டி சும்மா நிற்கும்.
பதினொன்றாம் மாடியிலிருந்து
வாளியோடு லிஃப்டில் இறங்குகிறேன்.
ஈசூன் அடுக்குமாடிக் கார்நிறுத்தம், மூன்றாவது தளம்.
பாதித் தண்ணீர் என் செருப்பில்.

முன் சக்கரங்களில்தான் அழுக்கு அதிகம்.
நிறுத்தும்போது பாரமெல்லாம் முன்னால் சாயும்.
பின் சக்கரங்கள் கூட வருபவை,
கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

இது தெருப்புழுதி இல்லை.
நின்று நின்று தேய்ந்த இரும்பு.
வெறும் சவுக்காரத்துக்கு அசையாது.
அதற்கென்றே மருந்து இருக்கிறது:
அடித்துவிட்டு மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டும்.
நிறமில்லாமல் விழுந்தது
மெல்ல ஊதாவாகும்.
நாவல்பழம் தின்ற வாய்போல
ரிம்மின் ஐந்து கைகளிலும் வழியும்.
முதல் தடவை பார்த்தபோது
வண்டிக்கு எங்கோ அடிபட்டிருக்கிறதென்று
பயந்துபோனேன்.

பகல் எனக்கு, இரவு ஜெய்லானி பாய்க்கு.
ஒரே டாக்ஸி.
மாலை ஐந்துக்குச் சாவி கைமாறும்.
இருக்கையை அவர் முன்னுக்கு இழுப்பார்,
காலையில் நான் பின்னுக்குத் தள்ளுவேன்.
இரண்டு வருடமாக எங்களுக்குள் இதுதான் பேச்சு,
டயர் காற்றையும் வாடகையையும் கழித்துவிட்டால்.

மார்ச்சில் புது பிரேக் பேட் போட்டோம்.
ஜூலைக்குள் இவ்வளவு தூளா?
எனக்குச் சந்தேகமே இல்லை, பாய்தான்.
கடைசி நொடியில் மிதிக்கிற ஆள்.
பழைய டூத்பிரஷ்ஷை நட்டுகளுக்கிடையே விட்டுத் தேய்க்கும்போதெல்லாம்
மனதுக்குள் அவரோடு சண்டை போட்டேன்.
சில நல்ல வாக்கியங்கள்கூடத் தயார் செய்தேன்.
'பிரேக் மிதிக்கத்தான் பாய், உதைக்க இல்லை'
அதில் ஒன்று.

பிறகு அவர் கண் ஆபரேஷனுக்குப் போனார்.
இரண்டு கண்ணிலும் புரை.
மூன்று வாரம் ஓட்டக் கூடாது.
பார்த்தாயா, என்றேன்
வாளியிடம்.

முதல் ஞாயிறு.
கணக்குப்படி பாதித் தூள்தான் இருக்க வேண்டும்.
மருந்தடித்தேன், காத்திருந்தேன்.
அதே ஊதா.
மழை வாரம், அதனால் இருக்கும் என்றேன்.
அடுத்த ஞாயிறு மழை இல்லை.
மூன்றாவது ஞாயிறு
கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்தேன்.

யோசித்துப் பார்த்தால்,
உட்லண்ட்ஸ் அவென்யூவில்
பச்சை விளக்குக்கே மிதித்திருக்கிறேன்,
மஞ்சளாகிவிடுமோ என்று.
ரோட்டில் சாவகாசமாக நடந்த ஒரு மைனாவுக்கு.
பேங்க்கிலிருந்து மெசேஜ் வந்த
அந்தச் சின்ன அதிர்வுக்கு.
பிஐஇ-யில் முன்னால் போன லாரியின் திறந்த முதுகில்
உட்கார்ந்தபடி உறங்கிய ஒருவனின் தலை
சட்டென்று சரிந்தபோது,
இங்கிருந்தே அவனைத் தாங்கிவிடுபவன்போல.
ஒன்றுமே இல்லாத ரோட்டிலும்
மிதித்திருக்கிறேன், பலமுறை.
பின்சீட்டில் இருந்தவர்கள்
ஃபோனிலிருந்து தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி குனிந்துகொண்டார்கள்.

கையுறையில் ஓட்டை.
நகக்கண்ணில் ஏறிய கறுப்பு
ரசம் சோறு பிசையும்போதும் இருந்தது.

திங்கள், ஐந்து மணி.
பாய் கறுப்புக் கண்ணாடியோடு வந்தார்.
கழற்றிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு
முன் சக்கரத்தருகே குனிந்தார்.
"ரிம் மாத்திட்டியா?"
"இல்ல பாய்."
"வெள்ளி கலரா இது?
நான் கறுப்புன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்,
இத்தன நாளா!"
விரலால் ஒரு கையைத் தடவினார்.
விரலையும் பார்த்தார்.

என் வாக்கியங்களில் ஒன்றும்
நினைவுக்கு வரவில்லை.
சாவியைக் கொடுத்தேன்.
"டேங்க்ல பாதிதான் இருக்கு" என்றேன்.

அவர் இருக்கையை முன்னுக்கு இழுத்தார்.
தளத்தின் வளைவில்
பிரேக் விளக்கு எரிந்தது.
எவ்வளவு நேரமென்று
எண்ணிக்கொண்டு நின்றேன்.