பாதப் பிரிவு

உப்புமுனிக்குச் செருப்பு கிடையாது.
பதினாறு பக்கக் கதை, ஐம்பது காசு,
நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் முள்.
முதல் பக்கத்திலேயே வெறுங்காலோடு
கடலிலிருந்து ஏறி வருகிறான்.
மிதித்த இடமெல்லாம் உப்பு பூக்கிறது.

காப்புறுதிக்காரர் அதைப் படித்ததில்லை.
துவாஸ் கிடங்கில், ஆணி கிடக்கும் சிமெண்டில்,
கம்பியில் தொங்கிக் குதிக்கிறவன்
காலணி போட்டே ஆக வேண்டும் என்று
மூன்றாம் பிரிவில் எழுதிவிட்டார்.
அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

காக்கி புக்கிட், ஆறாவது மாடி.
சன்னலுக்குக் கீழே டயர் கடை.
பக்கத்து மேசைக்காரன் கம்பிகளை அழிக்கிறான்.
எதிர் மேசைக்காரி அலை வளர்க்கிறாள்.
நான் காலணியை அழித்துக் கால் வரைகிறேன்.
நொடிக்கு இருபத்து நான்கு சட்டம்,
நாற்பத்தெட்டுக் கால்.
கேட்பவர்களிடம் சினிமாவில் இருக்கிறேன் என்பேன்.
எந்தப் பிரிவு என்றால்,
பாதம்.

மாதிரிக்கு ஒரு கால் வேண்டியிருந்தது.
கதாநாயகரின் ஒப்பந்தத்தில் கால் சேரவில்லை.
அவருக்காகக் குதிக்கிற ஹைருல்தான்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நீட்டினான்.
எழுபது படம் எடுத்தேன்.
கூச்சத்தில் விரல்களை மடக்கிக்கொண்டே இருந்தான்.
இடது கணுக்காலில் ஒரு தழும்பு.
ஜொகூர் பாலம், மோட்டார்சைக்கிள், மழை என்றான்.
மிச்சத்தைச் சொல்லவில்லை.
(முனிக்குத் தழும்பு உண்டா என்று
பதினாறு பக்கமும் தேடினேன்.
அந்த அச்சில் மூக்கே சரியாகத் தெரியவில்லை.)

வரைந்தவர் ஒருநாள் வந்தார்.
பொன்னுரங்கம். பாசிர் பாஞ்சாங்கில்
பளுதூக்கி ஓட்டியவர்.
பத்துப் பேர் எழுந்து நின்றோம்.
எல்லாருக்கும் ஒரே கேள்வி:
ஏழாம் பக்கம், மேல் கட்டத்தில்
தோ பாயோ புளோக்கின் மொட்டைமாடியில் நிற்கிறான்.
கீழ்க் கட்டத்தில், நடுக்கடலில்
கப்பலைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.
எப்படிப் போனான்?
பறந்தா, தாண்டியா, காற்றாய்க் கரைந்தா?
இயக்குநர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

பொன்னுரங்கம் கோப்பியைக் கலக்கினார்.
"இடம் இல்லையே தம்பி.
அச்சுக்காரன் பதினாறுக்கு மேல
ஒரு பக்கம் தரமாட்டேன்னுட்டான்.
நடுவுல ஒரு கோடு போட்டேன்.
போயிட்டான்."

அந்தக் கோட்டுக்கு நாலு லட்சம் வெள்ளி ஆனது.
பதினொரு நொடி. மேகம், புறாக்கூட்டம்,
கீழே தீப்பெட்டி அடுக்காய்ச் சரக்குப் பெட்டிகள்.
என் கணக்கில் ஐந்நூற்று இருபத்தெட்டுக் கால்கள்.
இரண்டு கட்டத்துக்கும் நடுவே
ஒரு விரல்கூட நுழையாத அந்த வெள்ளை இடுக்கில்
எத்தனை பிள்ளைகள் தாவியிருப்பார்கள்,
ஆளுக்கொரு விதமாய்.
இனி ஒரே விதம். என் விதம்.
பெருமையாகத்தான் இருந்தது.
தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து
எதையோ உருவிக்கொண்டது போலவும்.

பிறகு ஒரு கூட்டம்: இவன் சாமியா, வீரனா?
சாமி என்றால் படத்தைத்
தரையில் ஒட்டக்கூடாது, எம்ஆர்டி படிகளில் கூடாது.
வீரன் என்றால் பொம்மை விற்கலாம்.
இரண்டு மணி நேரம்.
"வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சாமி" என்று
கடைசி வரிசையில் யாரோ சொன்னார்கள்.
சிரித்தோம். சிலர் குறித்துக்கொண்டார்கள்.

ஈசூனில் முதல் காட்சி.
கடலை விட்டு ஏறினான்.
திரை முழுக்கப் பாதம், இரண்டு மாடி உயரம்.
முன்வரிசையில் ஓர் அம்மா
செருப்பிலிருந்து மெல்லக் காலை உருவி
மடக்கி உட்கார்ந்தார்.
குளிரோ, பழக்கமோ.

எனக்கு அடுத்த இருக்கையில் ஹைருல்.
படம் முழுக்க அவன் முகம் எங்கும் வராது.
பாப்கார்ன் தின்றுகொண்டே பார்த்தான்.
இடது கணுக்கால் வந்தபோது
கை நின்றது.
என் முழங்கையை இடித்தான்.

"ஜொகூர்," என்றான்.