வெற்று வரி வரும்வரை

கிளாக்ஸ்விக்கில் நவம்பர்.
நான்கு மணிக்குள் இருட்டிவிடும்.
மீன் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து
செதில் ஒட்டிய விரல்களைச் சுடுநீரில் கழுவிவிட்டு
சர்வர் எழுத உட்காருவேன்.

யார் எழுதிய நிரலையும் கடன் வாங்கவில்லை.
ஒரு சாக்கெட், ஒரு சுழற்சி,
நாலாயிரம் பைட் பிடிக்கும் ஒரு வாளி.
துறைமுக வாயிலில் இப்போது காற்று என்ன வேகம்?
கேட்பவருக்கு அதைச் சொன்னால் போதும்.

முதல் வரியிலேயே கேட்டாகிவிடுகிறது.
அதன் பிறகுதான் பேச்சே ஆரம்பம்:
நான் இன்ன உலாவி, இன்ன பதிப்பு,
சுருக்கித் தந்தாலும் விரித்துக்கொள்வேன்,
போன முறை நீ கொடுத்த குக்கீ இதோ,
பதில் சொன்னதும் வைத்துவிடாதே, லைனிலேயே இரு.

மொழி வரியில் கொஞ்சம் நின்றேன்.
ஃபரோயி முதலில்.
இல்லாவிட்டால் டேனிஷ், புள்ளி எட்டு.
அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலம், புள்ளி மூன்று.
என் விருப்பங்களை இப்படித் தசமத்தில் எழுதி
நான் யாரிடமும் கொடுத்ததில்லை.
என் சர்வர் அதைப் படிப்பதுமில்லை. காற்று வெறும் எண்.

முக்காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டினேன்.
ஹோஸ்ட் வரியில் போர்ட் எண் துண்டாகி விழுந்தது.
ஆலை மேசையிலும் முதல் வாரம் இதே தப்பு,
ஒரு காட் மீனுக்கு இரண்டு முறை கத்தி வைத்தேன்.
முதல் புள்ளியில் ஒரே வெட்டு. மிச்சத்தைத் தொடாதே.

தலை தனி, உடல் தனி.
நடுவே ஒன்றுமே எழுதாத ஒரு வரி.
அது வராமல் தலை முடியாது.

வியாழன் இரவு ஓர் இணைப்பு.
கேள்வி வந்தது, ஹோஸ்ட் வந்தது,
பிறகு 'அக்செ' என்று பாதிச் சொல்லில் நின்றது.
பத்து நொடி பார்த்தேன். துண்டித்தேன்.
மறுபடி வந்தது. மறுபடி 'அக்செ'.
இப்படி ஒரு தாக்குதல் உண்டு,
வாக்கியத்தை முடிக்காமலே வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது.
பதினோராவது தடவை
அந்த முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டேன்.

சனிக்கிழமை, கடையில்
உருளைக்கிழங்கை எடைபோட்டுக்கொண்டே ஹானுஸ் சொன்னான்:
"சுன்வா, உன் காற்று வேலை செய்யவில்லை.
எழுபது மைல் வெளியே இருந்தோம்.
செயற்கைக்கோள் சிக்னல் மழையில் கரைந்துகொண்டே இருந்தது.
கேட்டுக் கேட்டுப் பார்த்தேன்,
அப்புறம் அலையைப் பார்த்தே வந்து சேர்ந்தோம்."
கோபமாகச் சொல்லவில்லை.
கோபப்பட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பத்தை அழித்தேன்,
நூற்றிருபது என்று எழுதினேன்.
துண்டு துண்டாக வந்தால் வாளியில் சேர்த்துக்கொண்டே இரு.
ஒவ்வொரு முறையும் கடைசி நான்கு பைட்டைப் பார்:
ஓரத்துக்குத் திரும்பு, கீழே இறங்கு,
ஓரத்துக்குத் திரும்பு, கீழே இறங்கு.
அந்த நான்கும் வரும்வரை
எதிரில் இருப்பவன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறான்.

செவ்வாய் இரவு 'அக்செ' வந்தது.
காபி ஆறியது.
நாற்பத்தொரு நொடி கழித்து 'ப்ட்'.
பின்னாலேயே மற்றதெல்லாம், கடைசியில் அந்த வெற்று வரி.
நொடிக்கு இருபத்துமூன்று மீட்டர் என்று அனுப்பினேன்.

தடைப்பட்டியலில் இன்னும் ஆறு முகவரிகள் இருக்கின்றன.
யாருடையவை என்று தெரியவில்லை.