கண்டபடி, விட்டபடி

கப்பலூர் சாயப்பட்டறை. பாய்லர் அறை.
சித்திரைக்குள்ளே இன்னொரு சித்திரை.
பேனல் கதவைத் திறந்தால்
பஞ்சும் பல்லி எச்சமுமாய்ப் பதினாறு ரிலே.
ஆறாவதுக்காகத்தான் வந்திருக்கிறேன்:
டிரம்மில் தண்ணீர் முப்பது சதத்துக்குக் கீழே போனால்
ஹூட்டரைக் கத்தவைக்க வேண்டியது.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த எண் நாலு.
இங்கே ஒன்றுமில்லை என்பதற்கு
நாலு மில்லிஆம்பியர்.
'தண்ணீர் இல்லை, ஆனால் நான் இருக்கிறேன்'
என்று கம்பி சொல்வது.
நிஜமான பூஜ்யம் வந்தால்
வழியில் எலி கடித்துவிட்டது.

ரிலேயும் அப்படித்தான்.
எல்லாம் நலமாக இருக்கும்வரை
இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும்.
ஆபத்தென்றால் கையை விட்டுவிடும்.
கரண்ட் போனாலும் விட்டுவிடும்.
கெட்டது எதுவானாலும் சத்தத்தில் போய் முடியட்டும் என்று
யோசித்து வைத்திருக்கிறான் எவனோ ஒரு புண்ணியவான்.

கேலிபிரேட்டரை மாட்டி
பன்னிரண்டிலிருந்து இறக்குகிறேன்.
பத்து. ஒன்பது.
எட்டுப் புள்ளி எட்டில் விட வேண்டும்.
விடவில்லை.
ஏழு புள்ளி ஒன்பதில்
டக்.
பச்சை விளக்கு அணைந்தது.
ஹூட்டர் வாயே திறக்கவில்லை.

ஃபியூஸ் பார்த்தேன். நன்றாக இருந்தது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பின்பக்கம் தலையை நுழைத்தால்
ஏழாம் முனைக்கும் ஒன்பதாம் முனைக்கும் நடுவே
ஒரு சாண்கூட வராத சிவப்புக் கம்பி.
ரிலே கையை விட்டாலும்
பின்னால் நின்று இன்னொரு கை பிடித்துக்கொள்ளும்.

எந்த நாய் என்று திட்ட வாயெடுத்து
கம்பியின் நுனியைப் பார்த்தேன்.
செம்பை இரண்டாய் மடித்து
இடப்பக்கமாய் முறுக்கியிருந்தது.
இந்தப் பேட்டையில்
பேனலுக்குள் போகிற இடக்கை
ஒன்றுதான்.

மூன்று வருசத்துக்கு முந்தின ஐப்பசி.
சென்சாருக்குள் ஈரம் இறங்கி
பொய்யாய்க் கத்திக்கொண்டே இருந்தது.
திருமங்கலத்துக்குக் கடைசி பஸ் பத்தேகால்.
காலையில் வந்து எடுத்துவிடுகிறேன் என்று
யாரிடமும் சொல்லவில்லை.
எனக்குள் சொல்லிக்கொண்டதோடு சரி.

வைகைக்கு இப்படி ஒரு ரிலே மாட்டியிருந்தால்
வருசத்தில் பத்து மாசம்
ஊர் முழுக்க ஹூட்டர்.
யானைக்கல் பாலத்தடியில்
எவனோ ஒருத்தன் ராத்திரி இறங்கி
சின்னதாய் ஒரு கம்பி வைத்திருப்பான்.
எல்லோரும் நன்றாகத் தூங்கியிருப்போம்.

கம்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன்.
திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன்.
எட்டு எட்டில் விடுகிறது.
ஒன்பது ஆறில் பிடிக்கிறது.
விட்ட இடத்தில் உடனே பிடிக்காது,
என் மச்சினன் மாதிரி
கொஞ்சம் தள்ளி வந்துதான் சமாதானம்.

சான்றிதழில் இரண்டு கட்டம்.
கண்டபடி. விட்டபடி.
கண்டபடி என்றால் எங்கள் ஊரில்
வேறொரு அர்த்தமும் உண்டு.
போன இரண்டு வருசமும்
இந்த அறைக்கு வராமலேயே
அந்த அர்த்தத்தில்தான் நிரப்பிக் கொடுத்தேன்.
இன்று எழுதினேன்:
ஏழு புள்ளி ஒன்பது. இணைப்புக் கம்பி இருந்தது.
வைத்தது யார் என்பதற்குக் கட்டம் இல்லை.
கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் கிடந்தது.
அதில் எழுதினேன்.

கடைசியாய் ஒருமுறை இறக்கிப் பார்த்தேன்.
டக்.
தகரக் கூரை அதிரக் கத்தியது.
ஆப்பரேட்டர் வீரணன்
தூக்குவாளியைப் போட்டுவிட்டு
வாசல்வரை ஓடி, நின்று, திரும்பினார்.
தரையெல்லாம் புளிச்சோறு.
ஹூட்டருக்கு நேர் கீழே உட்கார்ந்து
இரண்டு வருசமாய்ச் சாப்பிடுகிறவர்.
'இதுக்குச் சத்தம்லாம் வருமா?' என்றார்.